திதி எழுதிய படகுத்துறை

படகின் அடிப்பலகை மணலில் உரசி எழுந்த "கர்ர்" என்ற அதிர்வு முதலில் உள்ளங்காலில் ஏறியது. அதன் பின்னரே காதில் விழுந்தது. இராசபாளையம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராயிருந்த என் தந்தையார், எனக்குப் பத்து வயதானபோது, கடலை ஒட்டிய ஓர் ஆற்றுத்துறையில் பயணிகள் படகை நடத்தும் பொறுப்பை ஏற்றிருந்தார். 'ஓதம்' என்னும் சொல்லைப் பாசுரங்களில் நாள்தோறும் ஓதிய குடும்பம் எங்களுடையது. எனினும் கண்மாய் நீரையே கண்டு வளர்ந்த நாங்கள், அந்தக் கடலோதம் தினமும் இருமுறை ஏறி வற்றும் என்பதையோ, அந்த நேரமும் நாளுக்கு நாள் தள்ளிப்போகும் என்பதையோ அறிந்திருக்கவில்லை.

அட்டமியை ஒட்டி வந்து சேர்ந்த தந்தையார், நான்கு நாள் நீரைப் பார்த்துவிட்டு, "காலை 7.45" என்று பேருந்து நிலையப் பாணியில் பலகை எழுதி மாட்டினார். அமாவாசையன்று அதே நேரத்துக்குப் புறப்பட்ட படகு நடு ஆற்று மணல்திட்டில் அமர்ந்துவிட்டது.

பக்கத்துத் தெரு மெர்சி அக்காவும் அதில் இருந்தார். அக்கரைப் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு ஒன்பது மணிக்கு நேர்காணல். சான்றிதழ் உறையைத் திறப்பதும் மூடுவதுமாயிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, டயரு பஞ்சரா?" என்றார் மீன் விற்கும் செபஸ்தியம்மா.

"சும்மா இரும்மா, செத்த நேரந்தான்," என்றார் முழங்கால் சேற்றில் நின்று படகைத் தள்ளிக்கொண்டிருந்த தந்தையார்.

"ஒம்ம விசிலுக்கா கடலு வரும்?"

அக்கா எழுந்துவிட்டார். "நான் எறங்கி நடந்தே போறேன்."

"ஏட்டி, அந்தால கசம் கெடக்கு, ஆள முழுங்கிரும். உக்காரு!" என்று செபஸ்தியம்மா அவர் கையைப் பற்றி இழுத்தார்.

நீர் ஏறிப் படகு மிதந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று.

நிலவின் திதி ஒன்றானால் நீரின் நேரமும் ஒன்றே என எங்கள் படகோட்டி சொல்லக் கேட்ட தந்தையார், அன்றிரவே பஞ்சாங்கத்தைப் பிரித்துவைத்துப் பலகையைத் திதிவாரியாகத் திருத்தி எழுதினார். ஊர் சிரித்தது. மறுநாள் துறைக்கு வந்த மெர்சி அக்கா சிரிக்கவில்லை, "நாளைக்கு என்ன திதி, அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். "துதியை, தாயி," என்ற தந்தையார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சென்ற மாதம் திருவில்லிபுத்தூரிலிருந்து அவ்வழியே போனேன். துறையும் இல்லை, படகும் இல்லை. பாலத்தின் மேல் பேருந்து, மணல்திட்டு எதுவென்று நான் தேடி முடிப்பதற்குள் அக்கரை சேர்ந்துவிட்டது. அந்தப் பள்ளியின் வாசலிலேயே இப்போது நிறுத்தம். இறங்க எனக்கு அங்கே ஒரு காரியமும் இல்லை. ஆயினும் எழுந்து நின்றுவிட்டேன்.