காலியாக விட்ட கட்டம்

எந்தக் கட்டமும் காலியாகக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. என் பட்டுக்கடையில் ஆர்டர் சீட்டில் யாராவது கல்யாணத் தேதியை எழுதாமல் விட்டால் நானே கேட்டு நிரப்பிவிடுவேன். அவசர புத்தி. அந்தப் புத்திதான் போன வருஷம் என்னைக் குப்புறத் தள்ளியது.

எங்கள் தெருப் பட்டுக்கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு அறக்கட்டளை நடத்துகிறோம். வருஷா வருஷம் சில பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுவோம். விண்ணப்பம் வாங்கிச் சரிபார்ப்பது என் வேலை. போன வருஷம் பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து ஒரு பெண் கடைக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனாள். சென்னையில் எம்.ஏ. தத்துவம், இரண்டாம் வருஷம். அப்பா இல்லை, அம்மாவுக்கு ஒரு செல்போன் கம்பெனியில் வேலை. 'படித்து முடித்து என்ன வேலைக்குப் போவீர்கள்?' என்ற கட்டத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

தத்துவம் என்றாலே எங்கள் தலைவர் உதட்டைப் பிதுக்குவார். கட்டமும் காலி என்றால் கேட்கவே வேண்டாம். அவளுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேனாவை எடுத்து 'ஐ.ஏ.எஸ்.' என்று எழுதிவிட்டேன்.

விண்ணப்பித்த பிள்ளைகளையும் நேரில் வரச் சொல்லியிருந்த கூட்டத்தில் தலைவர் அதைப் படித்துவிட்டு வாயெல்லாம் பல்லானார். "கலெக்டர் ஆயிட்டா எங்கள மறந்துடாதம்மா" என்றார்.

அவள் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தாள். "இத நான் எழுதல சார். என்ன வேலைக்குப் போவேன்னு எனக்கே தெரியல. அதான் எழுதாம உட்டேன்."

"உன் ஃபாரத்துல வேற யாரும்மா வந்து எழுதுவாங்க? எழுதிட்டு இப்ப பயந்துக்கினு மாத்திப் பேசுறியா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஃபாரத்தை யார் கையில் கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் டீ டம்ளரை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அவள் விண்ணப்பத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார்கள்.

மறுநாள் கடையில் உட்கார முடியவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துக் கூரம் போய், முழு ஃபீஸையும் கவரில் போட்டு அவளிடம் கொடுத்தேன். நான்தான் எழுதினேன் என்றும் சொன்னேன்.

"தெரியும் மேடம்" என்றாள். கவரை வாங்கிக்கொண்டாள், ஃபீஸ் கட்ட இரண்டு நாள்தான் இருந்தது. "இத கட்டிடறேன். ஆனா அவங்கல்லாம் நான் பொய் சொன்னேன்னு நெனச்சுக்கினு இருக்காங்க. நீங்கதான் எழுதினீங்கன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேம்மா" என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறைதான்.

சொல்லவில்லை. தலைவரை வாரத்துக்கு இரண்டு தரமாவது பார்க்கிறேன். வாய் வரைக்கும் வரும், அதற்குள் ஜி.எஸ்.டி., மழை, ஜரிகை விலை என்று பேச்சு வேறெங்கோ போய்விடும். வீட்டுக்கு வந்தால் என் மேலேயே எரிச்சல். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன்.

போன வாரம் இந்த வருஷக் கூட்டம் நடந்தது. அவள் இந்நேரம் படிப்பை முடித்திருப்பாள். புது ஃபாரங்களை என்னிடம் நீட்டித் தலைவர் சொன்னார்: "நல்லா பாத்து வாங்கும்மா. போன வருஷம் ஒரு கலெக்டரம்மா வந்துச்சே, அந்த மாதிரி புளுகுமூட்டைங்க வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.