ஃப்ரீசரில் வைத்த பாசி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டெஸ்டிங் லேபில் எனக்கு வேலை. தோலைப் பாடாய்ப் படுத்துவதுதான் தொழில். ஃப்ரீசரில் வைத்து உறைய வைப்பேன், ஓவனில் வாட்டுவேன், விரிசல் விடுகிறதா என்று மெஷினில் மடக்கி மடக்கிப் பார்ப்பேன். தாங்கினால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். முதலாளியே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் என் ரிசல்ட் மாறாது. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

பிளஸ் டூ முடித்த என் மகள், சென்னையில் ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பக்கத்திலேயே காலணி டிப்ளமோ படி, என்னோடு கம்பெனி பஸ்ஸில் போய் வரலாம் என்றேன் நான். உடனே வேலை கிடைக்கும் என்று ஊருக்கெல்லாம் காரணம் சொன்னேன். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை, அதுதான் உண்மை. அவளுடைய அப்பா வழக்கம்போல நழுவிக்கொண்டார்.

நீர்க்கரடியைப் பற்றி அவள்தான் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் பிராணியாம். ஈரம் காய்ந்தால் சுருண்டு உருண்டையாகிவிடும், உறைய வைத்தாலும் சாகாது, தண்ணீர் பட்டால் எழுந்து நடக்கும், நம் மொட்டைமாடிச் சுவர்ப் பாசியிலேயே இருக்கும் என்றாள். இந்த வெயிலில் கருகிப்போன பாசியில் உயிரா? போனில் பார்த்த வீடியோவை நம்புகிற ஆள் நானில்லை.

"என் ஃப்ரீசர்ல வைக்கறேன். அப்பறமும் நடந்துச்சுன்னா நீ மெட்ராஸ் போ" என்றேன். ஜெயிக்கப் போவது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேலாளரிடம் சொல்லிவிட்டு, பனிநாட்டுக்குப் போகும் பூட்ஸ் தோல்களோடு அந்தப் பாசியையும் வைத்தேன். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் அவளை லேபுக்கு வரவழைத்தேன். பாசியில் கேன் தண்ணீர் விட்டோம். எங்கள் ஊர் போர் தண்ணீரின் உப்பில் அதை எழுப்ப எனக்கே மனம் வரவில்லை. தோலின் மயிர்த்துளைகளைப் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் மண் தெரிந்தது, பாசித் துணுக்கு தெரிந்தது, நடுவில் கண்ணாடி மாதிரி ஓர் உருண்டை. மாற்றி மாற்றிப் பார்த்தோம். டீ ஆறிப்போனது. உருண்டை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

கடைசியில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். டிப்ளமோவுக்கே அப்ளை பண்ணுகிறேன் என்று என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. ஜெயித்துவிட்ட நிம்மதியும் அவளைப் பார்க்கச் சகிக்காத வேதனையும் ஒன்றாக வந்தன.

கண்ணாடித் தட்டை எடுப்பதற்கு முன், பழக்கதோஷத்தில் இன்னொரு தரம் குனிந்தேன். உருண்டை நீண்டிருந்தது. குட்டையான கால் ஒன்று வெளியே வந்து தண்ணீரைத் துழாவியது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு, தவழப் பழகும் குண்டுக் குழந்தை மாதிரி அது நகர்ந்தது.

அவள் இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை ஒரு துடை துடைத்தால் போதும், என்னோடு பஸ்ஸில் வருவாள். என் கை தட்டு வரைக்கும் போனது.

"நடக்குதுடி" என்றேன். "வந்து பாரு."

ஓடி வந்து குனிந்தாள். அவள் அதைப் பார்த்தாள். நான் தள்ளி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.