பொட்டலத்தில் வந்த கப்பல்

ஓமலூரில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே வாசகசாலை திறந்தார்கள். ஊர் ஆண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு மேசை, சில நாற்காலிகள், தினம் ஒரு பேப்பர். பெண்களுக்கு அங்கே என்ன வேலை? எனக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். வந்து என்ன? ஜன்னல் வழியாகப் பேப்பரை விரித்துப் பிடித்த கைகளைத்தான் பார்க்க முடிந்தது. பற்றிக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரர் ரங்கூனில் ஒரு துணிக்கடையில் இருந்தார். கல்யாணமான கையோடு கப்பலேறியவர். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டதும் அவரிடமிருந்து தகவலே நின்றுபோயிற்று. வீட்டில் நானும், அவரைப் பெற்ற மாமியும்தான். எங்களுக்குள் பேசிக்கொள்ளப் புதிதாக எதுவும் இருக்காது. சாயங்காலம் எதிரே ஆண்கள் யுத்தத்தைச் சத்தமாக அலசுவார்கள். ஒரு வார்த்தை காதில் விழும், அடுத்ததை வண்டிச் சத்தம் விழுங்கிவிடும்.

படித்து முடித்த பேப்பர்களை வாசகசாலைக்காரர்கள் மளிகைக் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். மளிகைக்காரர் அதைக் கிழித்துப் பொட்டலம் கட்டினார். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பருப்பும் மிளகாயும் எனக்கு எதற்கு? காகிதத்தை நீவி, ஓர் எழுத்து விடாமல் படிப்பேன். பாதிச் செய்தியில் கிழிந்திருந்தால் மறுபாதிக்காக மாமியை மறுபடி கடைக்குத் துரத்துவேன். புளிதான் சல்லிசு. ஆகவே தினமும் புளி.

மாமிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, மசக்கைக்காரியாட்டம் புளியா வாங்கிக் குவிக்கிறே? அவன் கப்பலேறி எத்தனை வருசமாச்சு! ஊரு சிரிக்கப் போவுது" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அடுப்படியில் போய் அழுதேன்.

ஒருநாள் புளிப் பொட்டலத்தில் அந்தச் சேதி வந்தது. ரங்கூனிலிருந்து நம் சனங்களை ஏற்றிக்கொண்டு மதராஸுக்குக் கப்பல்கள் வருகின்றனவாம். தேதி இருக்கவேண்டிய இடம் கிழிந்திருந்தது. நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. நேற்றைய பேப்பர்தான் இன்று பொட்டலமாகிறது என்று நினைத்திருந்தேன்.

"மாமி, வர்றாங்களாம்!" என்று கத்தினேன்.

மகன் வந்ததும் அறுப்பதற்கென்று மாமி ஒரு கோழியைப் பிடித்துத் தனியே கட்டினார். நான் கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் போட்டேன். சேலம் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கதவிடுக்கில் நின்றேன். யார் யாரோ இறங்கினார்கள்.

கோழி கட்டின இடத்திலேயே முட்டையிட ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் பெண்கள் வெளியே போகும்போது போர்த்தும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெருவைக் கடந்து வாசகசாலைப் படியேறினேன். உள்ளே பேச்சு நின்றது. வாசகசாலையைக் கவனித்துக்கொண்ட பெரியவர் எழுந்து வந்தார்.

"ஏனுங்கம்மா, பொம்பளைங்க உள்ள வர்ற வழக்கமில்லீங்க."

காகிதத்தை நீட்டினேன். "இந்தக் கப்பல் எப்பங்க வந்து சேரும்?"

வாங்கிப் படித்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இது பழைய பேப்பருங்கம்மா. மாசக்கணக்குல சேத்து வெச்சுத்தான் எடைக்குப் போடுவோமுங்க. இந்தக் கப்பலெல்லாம் அப்பவே வந்து, சனங்க அவங்கவங்க ஊடு போய்ச் சேர்ந்துட்டாங்களே."

மாமி வாசலிலேயே நின்றிருந்தார். "எப்ப வருதாம் கப்பலு?"

"எல்லாம் வந்தாச்சாம் மாமி."

"அப்ப அவன் எங்கடி?"

பிறகு அந்தப் பெரியவர் வாசகசாலையின் பின்வாசலில் ஒரு படுதா கட்டி, பெண்களுக்கென்று ஒரு பெஞ்சு போட்டார். போனவள் நான் ஒருத்திதான். அன்றன்றைய பேப்பர், தேதியோடு, முழுசாகக் கிடைத்தது. படித்துவிட்டுத் திரும்பும்போது மாமி வாசலில் நிற்பார். அவர் வாய் திறக்குமுன் நான் உதட்டைப் பிதுக்கிவிடுவேன். அந்தக் கோழி கிழடாகி, தானாகத்தான் செத்தது. மாமி அதை அறுக்க விடவே இல்லை.