பத்துப் புள்ளி பதினொன்று

எண்பதுகளின் பின்பாதியில், காரைக்காலில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு தட்டச்சுப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோயிலில்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு கழற்றியதில்லை. தளத்துக்கு வேண்டிய துண்டுகளின் நீளத்தைச் சொன்னால், நாற்பதடிக் கம்பியை வீணாகாமல் எப்படி வெட்டுவது என்று கணக்குப் போட்டு, அடி அங்குலமாகவே அச்சடித்துத் தரும் புரோகிராம் ஒன்றை இரண்டே மாதத்தில் எழுதிவிட்டேன். பெருமை தாங்காமல் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"இதுல கதை எங்க இருக்கு?" என்றாள்.

முதலில் என்னிடம் மாட்டியவர் நெடுங்காட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு டீச்சர். தளம் போடுவதுதான் பாக்கி. ஐப்பசி மழை வருகிற நேரம். எந்தக் கடையிலும் கம்பி இல்லை. அடுத்த லோடு எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. இருக்கிறதில் ஆறு கம்பி குறையும் என்று சொல்லிவிட்டார் கம்பி கட்டும் மேஸ்திரி.

"ஆறு கம்பிக்காக வீடு பூரா நனையணுமா சார்?" என்று டீச்சர் என்னைப் பார்த்தார்.

கம்ப்யூட்டரிடம் ஓடினேன். பிரிண்டர் கறகறவென்று அழுதுவிட்டு, கம்பி போதும், இரண்டு மிஞ்சும் என்றது. திரும்பும்போது பஸ் கண்டக்டரிடம்கூட அந்தத் தாளைக் காட்டினேன். அவர் டிக்கெட் வாங்கச் சொன்னார்.

மேஸ்திரி தாளைப் பார்த்து முதல் துண்டை வெட்டிப் பலகைமேல் கிடத்தினார். அது எதிர்ச்சுவருக்குப் போய்ச் சேரவில்லை.

"பத்தடி பதினோரு அங்குலம் வேணும் சார். ஒங்க மிஷினு பத்தடி ஒன்னேகால் அங்குலம்னு குடுத்திருக்கு. மிச்சத்த அதுவே தின்னுட்டுதா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். பத்தடி பதினோரு அங்குலத்தை 10.11 என்று எழுதுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். அப்படியே தட்டியிருந்தேன். கம்ப்யூட்டருக்கு அது தசமப் புள்ளி. அதன் கணக்கில் 10.10, 10.9-ஐவிடச் சின்னது!

"புள்ளிக்கு அப்பறம் பத்துல ஒரு பங்குன்னு அஞ்சாங்கிளாஸ் புள்ளைக்கே தெரியும் சார்" என்றார் டீச்சர். பெஞ்சுமேல் ஏறச் சொல்லாததுதான் பாக்கி.

மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அடியைத் தனியாகவும் அங்குலத்தைத் தனியாகவும் கேட்கும்படி புரோகிராமை மாற்றினேன்.

"வெட்டிக் கெடுத்ததையும் கணக்குல சேருங்க சார். ஞாயம்னு ஒன்னு இருக்குல்ல?" என்றார் அவர்.

சேர்த்தேன். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் திரையைப் பார்த்தோம். ஆறு இல்லை, ஒரே ஒரு கம்பிதான் குறையும் என்றது! மேஸ்திரி தாளை மேலும் கீழும் விரலால் தடவினார்.

"அட படவா! நாம கழிச்சுப் போடுற ஏழடித் துண்ட எல்லாம் சன்ஷேடுக்கும் குளிக்கிற ரூமுக்கும் தள்ளிட்டுது. நான் அதுக்கெல்லாம் முழுக்கம்பியில்ல சொல்லிவச்சேன்!"

நான் குதித்ததில், பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் இரண்டு வரியைத் தப்பாக அடித்தாள்.

கோட்டுச்சேரியில் நடந்துகொண்டிருந்த அவருடைய இன்னொரு வேலையிலிருந்து ஒரு கம்பியை மடித்துச் சைக்கிளில் கட்டி எடுத்துவந்தார் மேஸ்திரி. மறுநாள் தளம் போட்டோம். அதற்கு மூன்றாம் நாள் மழை கொட்டியது. தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக்கம்புகளுக்கு நடுவே நின்று டீச்சர் அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"பாருங்க டீச்சர்," என்றார் மேஸ்திரி, "தளத்துக்குத் தண்ணி விடுற வேலையும் ஒங்களுக்கு மிச்சம்."