பன்னிரண்டு பேரில் ஒருவரின் கால்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ், புதுச்சத்திரம் தாண்டியதும் கொதித்துப்போய் நிற்கிறது. டிரைவர் வாளியோடு தண்ணீர் தேடிப் போகிறார். நானும் பின்னாலேயே போகிறேன். சின்ன மாதாகோயில் ஒன்று. அதன் கிணற்றடியில், துவைக்கிற கல்லின் மேல் ஒருவர் மாப்பிள்ளை மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி கீழே குந்திக்கொண்டு செங்கல் துண்டால் அவர் குதிகாலைத் தேய்க்கிறாள். பித்தவெடிப்புக்குள் எல்லாம் உப்பங்கழிச் சேறு. சோப்பு பாதி கரைந்துவிட்டது.

"வலிக்குதுடி."

"பொறுத்துக்குங்க. சாமியாரு முத்தங் குடுக்கப்போற காலு."

நான் முழிப்பதைப் பார்த்து அவளே விளக்குகிறாள். இன்று பெரிய வியாழன். ஆண்டவர் சீடர்களுக்குச் செய்தது போல, சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவி முத்தமிடுவார். ஊழியம் செய்கிறவனுக்கே மோட்சத்தில் பெரிய இடம் என்று பிரசங்கமும் உண்டாம்.

"அவர்தான் கழுவப்போறாரே, நீங்க எதுக்கு?"

"நல்லா கேட்டீங்க போங்க! இந்தச் சேத்தோட போனா அவுரு கை என்னாவறது?"

கழுவி முடித்த காலைப் புருஷன் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார். அவள் காலோ கிணற்றடிச் சேற்றில் கணுக்கால்வரை புதைந்திருக்கிறது.

"சாமியாருக்கு மோட்சத்துல பலன் கெடைக்கும். உங்களுக்கு?"

பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது. அவள் அடுத்த காலை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

"எனக்கா? போன வருசம் பளிச்சுனு தேச்சி அனுப்பிச்சேன். அந்தப் பலன்தான், இந்த வருசமும் இவரயே கூப்புட்டிருக்காங்க."