சின்னப் புத்தகங்கள் கணக்கில் சேருமா

பிள்ளைகளே, இந்த ஊருக்கு வந்த புதிதில் என்னை மிகவும் குழப்பிய விஷயம், இங்கே யாரும் தண்ணீரைச் சிந்துவதில்லை என்பதுதான். குடத்தை இடுப்பில் ஏற்றும்போது தளும்பி விழும் ஒரு கை நீரைக்கூட அடுத்தவர் தன் குடத்தில் பிடித்துக்கொள்வார். அம்பத்தூர்ப் பக்கம் கள்ளிக்குப்பத்தில் நாங்கள் குடியேறிய சந்துக்கு ஒரே கிணறு. சித்திரை நெருங்கினால் அதன் அடியில் கலங்கல்தான் கிடக்கும். ஒரு கயிறு எட்டாமல் இன்னொரு கயிற்றை முடிந்து இறைப்பார்கள். நாங்கள் விட்டுவந்த ரங்கூனிலோ அதே சித்திரைப் பிறப்பில் ஊரே தெருவில் நின்று ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் கொட்டும். அதுதான் அங்கே புது வருடம். பழைய வருடத்து அழுக்கு கழுவிப் போயிற்று என்று பொருள். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் கிடையாது. நனைந்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. சிரித்துக்கொண்டே திருப்பி ஊற்ற வேண்டும்.

என் மகள் செல்விக்கு அப்போது எட்டு வயது. தமிழ் கொஞ்சம் பேசுவாள், பர்மிய மொழிதான் சரளம். இங்கே எங்களுக்கு வந்த முதல் வருடப் பிறப்பன்று, பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மஞ்சள் பூசிக் குளித்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். செல்வி ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீரை அந்த அம்மாவின் தோளில் ஊற்றிவிட்டாள்.

"அடியே! இன்னாடி பண்ணிட்ட? யோவ் அண்ணாத்தே, வந்து பாருய்யா உம் பொண்ணு பண்ணிக் கீற வேலய! குடிக்கத் தண்ணி இல்லாம ஊரே அல்லாடிகினு கீது, இது மனுசி மேல ஊத்தி வெளாடுது!"

"மன்னிச்சுக்குங்கம்மா. எங்க ஊர்ல இன்னிக்கு இப்படி ஊத்தினா ஆசீர்வாதம்."

"ஆசீர்வாதமா? இங்க துண்ணூறு பூசுவோம். உங்க ஊர்ல ஆளையே முழுக்காட்டுவாங்களா?"

செல்வி காலிச் செம்போடு நின்று பர்மிய மொழியில் என்னிடம் ஏதோ கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள். "இன்னா சொல்லுது?" என்றார் கன்னியம்மா. "நீங்க ஏன் திருப்பி ஊத்தலைன்னு கேக்குது," என்றேன். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஊத்தறதுக்குத் தண்ணி எங்கடி கீது," என்று முணுமுணுத்துக்கொண்டே புடவை மாற்றப் போய்விட்டார்.

செல்வியின் அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் பர்மாக்காரி, பெயர் மா தின். செல்வி அவளை "அமே" என்று கூப்பிடுவாள். அந்த மொழியில் அம்மா. அவளும் மகளைச் செல்வி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, "மி மி" என்பாள். நான் ரங்கூனில் பிறந்தவன்தான். ஆனாலும் அங்கே ஆட்சி மாறியபோது, என்னைப் போன்ற தமிழர்கள் வெளிநாட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம். எனக்கும் என் பெயரில் பதிந்திருந்த மகளுக்கும் கப்பலில் இடம் கிடைத்தது. அந்த நாட்டுக் குடிமகளான மா தின்னுக்கு நாட்டை விட்டு வெளியேறத் தனியாக அனுமதி வேண்டும். படுக்கையில் கிடந்த தகப்பனாரையும் அவளால் விட்டுவர முடியவில்லை. "ஒரு வருடம். அடுத்த தண்ணீர்த் திருநாளுக்கு அங்கே இருப்பேன்," என்றாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, இத்தனை காலம் இப்படி மாலை உருட்டி ஜெபிக்கிறேன் என்று விரதம் எடுப்பார்கள். நடுவில் தவறினாலும், அரைகுறையாகச் செய்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். துறைமுகத்தில் நின்றபடி அவள் அந்த விரதத்தை எங்களுக்கும் பங்கு போட்டாள். "நான் மாலை உருட்டுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் வாரத்துக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் படியுங்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மி மி ஊமையாக உட்காரக் கூடாது. நான் வந்ததும் அவள் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும்." அரக்குப் பூசிய சிவப்புப் பெட்டி ஒன்றை மகள் கையில் கொடுத்தாள். ஒரு புத்தகம் முடிந்தால் அதில் ஒரு விதை போட வேண்டும். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு விதை.

ரங்கூனில் கோயில் மண்டபத்தில் நடந்த தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவன் நான். இங்கே தொழிற்பேட்டையில் போல்ட்டு, நட்டு செய்யும் கம்பெனியில் சரக்கை எண்ணெய் துடைத்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. சாயங்காலம் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் எண்ணெய் நாற்றம் போகாது. அந்தக் கையால் புத்தகத்தைத் தொட மனம் வராமல், செல்வியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவள் என் பின்னாலேயே சொல்லுவாள். ரங்கூனில் புத்தகத்தைத் தலைக்கு மேலான உயரத்தில்தான் வைப்போம். கால்பக்கம் வைத்தால் பாவம். இங்கேயும் ஒரு பலகையைச் சுவரில் உயரே அடித்து அதில் வைத்தோம். கன்னியம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, எலிக்குப் பயந்தா?" என்று கேட்டார்.

புத்தகம் கொடுத்தவர் பூந்தமல்லியில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த காதர் பாய். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போவோம். "நான் எடை போட்டு வாங்கிக் கீற சரக்கு நைனா. படிச்சிட்டு எடை கொறையாம கொண்டாந்து குடு," என்பார். முதலில் என் அளவு தெரியாமல் தடிமனான ஒரு ராஜா கதையை எடுத்துக்கொண்டேன். மனைவி வந்தால் பெருமையாகச் சொல்லலாமே என்ற ஆசை. அது நகரவே இல்லை. ஆடி போய் ஆவணி வந்தும் முடியவில்லை.

"இன்னா நைனா, ஒரு வாரம்னு சொல்லிக்கினு போன. ராஜா செத்தாரா இல்லியா?"

"இன்னும் பட்டாபிஷேகமே ஆகலை பாய்."

தீபாவளி வந்தபோது சிவப்புப் பெட்டியில் விதைகள் அடியைக்கூட மறைக்கவில்லை. அந்தச் சமயத்தில் மா தின்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தகப்பனார் அப்படியே கிடக்கிறார், அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. அவ்வளவுதான். பிறகு கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, கடிதமே இல்லை. எல்லா நாளும் தபால்காரர் எங்கள் சந்தைத் தாண்டித்தான் போனார்.

செல்வி தன் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். புத்தகக் கணக்கு முடிந்தால் அமே வருவாள். முடியாவிட்டால் வர மாட்டாள். பொங்கல் கழிந்த ஞாயிறன்று காதர் பாய் கடையில் தானே முன்னால் போய் நின்றாள்.

"பாய், சின்ன புக்கா குடுங்க."

அவர் பிள்ளைகள் கதைப் புத்தகம் ஒன்றை நீட்டினார். அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். "இன்னும் சின்னதா."

"இதவிட சின்னதுன்னா பஸ் டிக்கெட்டுதான் கீது பாப்பா!" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். உள்ளே போய் ஒரு கட்டு கொண்டுவந்தார். காக்கை, முயல், ஆட்டுக்குட்டிக் கதைகள். முருகன் போற்றி, மாதாவுக்கு நவநாள் ஜெபம், நபிமார் கதை. "எடைக்கு வந்தா எல்லா சாமியும் ஒரே வெலதான் நைனா. மொத்தமா எடுத்துகினு போ. திருப்பித் தர வாணாம்," என்றார்.

அந்தத் தை, மாசி, பங்குனி மாதங்களை நான் மறக்க மாட்டேன். புத்தகத்துக்கும் கப்பலுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விதை விழும் சத்தம் கேட்கும்போது எனக்குள்ளும் ஏதோ ஒன்று எழுந்து வாசலைப் பார்க்கும். ஒரே சாயங்காலத்தில் இரண்டு புத்தகம்கூட முடித்தோம். எப்போதிலிருந்து நான் கேட்பவனாகவும் அவள் படிப்பவளாகவும் மாறினோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கன்னியம்மா அரிசி புடைப்பதுபோல் முறத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உட்காருவார். எழுத்து தெரியாத அவர், முருகனோ மாதாவோ நபியோ, எந்தப் பெயர் வந்தாலும் முறத்தை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்த கதையை மட்டும் செல்வி பாதியில் சத்தத்தை நிறுத்தி, பாக்கியை வாய்க்குள்ளேயே படித்து முடித்துவிட்டாள். அவ்வளவு அவசரம்.

"ஏண்டி, அது ஏறிச்சா இல்லியா?"

"அப்புறம் சொல்றேன் அத்த. இன்னொண்ணு கீது, முடிக்கணும்."

அவள் வாயில் "கீது" வந்ததை நான் கவனித்தேன். மா தின் வந்தால் இந்தத் தமிழ் அவளுக்கு விளங்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரைப் பிறப்புக்கு முந்தின நாள் கடைசி விதை விழுந்தது. மறுநாள் விடிந்ததும் செல்வி சின்ன லுங்கியைக் கட்டி, நாவல் இலைக் கொத்து ஒன்றைச் செம்புத் தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டாள். பெரியவர்களுக்கு அதைத் தோய்த்து மெல்லத் தெளிப்பது அங்கே மரியாதை. அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகச் சொன்னாள். போகாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. சென்னைப் பக்கமிருந்து ரயில் வந்தது, ஆவடிப் பக்கம் போயிற்று. அடுத்தது வந்தது. இறங்கியவர்கள் எல்லோரும் ஒரு சிறுமி தண்ணீர்ச் செம்போடு நிற்பதைப் பார்த்து, சுமை தூக்குகிறவர்களுக்கு யாரோ தர்மத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். ஒருவர் குடிக்கக் கையை நீட்டினார். செல்வி செம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்தோம்.

அவள் அழவில்லை. பெட்டியைக் கவிழ்த்து விதைகளைத் தரையில் கொட்டி, இரண்டு குவியலாகப் பிரித்தாள். ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

"இதெல்லாம் சேராதுப்பா."

"எதும்மா?"

"இந்தக் குவியல் பூரா சின்ன புக்கு. நான்தான் சீக்கிரம் முடியணும்னு கேட்டு வாங்கினேன். அரைகுறையா செஞ்சா சேராதுன்னு அமே சொன்னாங்க இல்ல? அதான் வரல. என்னாலதான்."

பிள்ளைகளே, எத்தனையோ பெட்டிகளைத் தூக்கியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லைத் தூக்க என்னால் முடியவில்லை. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "இல்லடா. அங்க ஒரு ஆபீஸ்ல ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அவர் போடலை. நீ ராஜா கதையா படிச்சிருந்தாலும் போட்டிருக்க மாட்டார். நீ படிச்சதே அவருக்குத் தெரியாது."

"அப்ப எதுக்குப் படிச்சோம்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் வேப்பம்பூப் பச்சடிக் கிண்ணத்தோடு கன்னியம்மா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் செல்வியின் முன்னால் குந்தி, இரண்டு கையையும் நீட்டினார்.

"ஊத்துடி."

"தண்ணி இல்லேன்னு திட்டினீங்களே அத்த."

"கீறத ஊத்து. போன வருசம் திருப்பி ஊத்தலன்னு அழுதியே, இன்னிக்கு நானும் ஊத்தறேன். ரெண்டும் சரியாப் பூடும். ஊத்திட்டு அந்த ஆட்டுக்குட்டி புக்க எடுத்தா. ஏறிச்சா இல்லியான்னு தெரியாம எனக்கு சோறு எறங்கல."

செல்வி இலையால் தெளித்தாள். கன்னியம்மா தன் உள்ளங்கையில் தேங்கியதை வீணாக்காமல் அவள் தலையிலேயே விட்டார். அந்த நீர் நெற்றியில் வழிந்த பிறகுதான் அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு, எழுத்துக் கூட்டாமல், நிறுத்தாமல், ஆட்டுக்குட்டி மேலே ஏறிவந்த வரைக்கும் படித்தாள்.

ஆடி மாதம் மா தின்னின் கடிதம் வந்தது. அனுமதி மறுத்துவிட்டார்கள், மறுபடி கேட்பேன், மாலையை முதலிலிருந்து உருட்ட ஆரம்பித்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை. ரங்கூனிலிருந்து வந்தவர்களிடம் எல்லாம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

செல்வி இப்போது மேனாம்பேட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிறன்று எங்கள் வீட்டுக்குப் படிக்க வரும் நீங்கள், "சின்ன புக்குதான் படிச்சேன்" என்று கூச்சத்தோடு சொல்லும்போது அவள் ஏன் முகம் மாறுகிறாள் என்று கேட்டீர்கள். அதற்காகத்தான் இதை எழுதினேன். எங்கள் வீட்டில் எல்லாப் புத்தகமும் கணக்கில் சேரும்.

ஒவ்வொரு சித்திரைப் பிறப்பன்றும் கன்னியம்மா நரைத்த தலையோடு வந்து கையை நீட்டுகிறார். செல்வி செம்பில் பாதியை ஊற்றுகிறாள். மீதிப் பாதி யாருக்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதை அவள் உயரப் பலகையில், புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் விரல் அளவு குறைந்திருக்கும். கோடை, ஓட்டு வீட்டுச் சூடு. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் செம்பை இறக்கி உள்ளே பார்த்துவிட்டு, போன வருடத்து விதைகளைக் கொட்டிக் காலியாக்கிய சிவப்புப் பெட்டியில் மறுபடி முதல் விதையைப் போடுகிறாள்.