கீழேயிருந்து வந்த பதில்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருடமாக கரண்ட் வேலை பார்க்கிறவனுக்கு கரண்டைத் தவிர வேறு பயம் கிடையாது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, ஓமன் நாட்டு சோஹாரில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

கடலோரத்தில் ஒரு பழைய பங்களா, கப்பல் வியாபாரி ஒருவர் கட்டியதாம். ஊரைவிட்டுப் போகும்போது, காய்ச்சலில் கிடந்த வேலைக்காரரை மாடியிலேயே போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்களாம், திரும்பி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதிலிருந்து அந்த வீட்டில் யாரைத் தனியாக விட்டுவிட்டு வந்தாலும், அப்படி விடப்பட்டவர் முழுசாகத் திரும்பமாட்டார் என்று நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் முழுக்கப் பேச்சு. நான் சிரித்தேன். என் தங்கை புருஷன் அருள் சிரிக்கவில்லை.

அருளுக்கு விசா ஏற்பாடு செய்து, என் ரூமிலேயே இடம் கொடுத்து, தொழில் பழக்கியதும் நான்தான். அந்த பங்களாவுக்கு வயரிங் மாற்ற எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். பட்டப்பகல், பதினோரு மணி இருக்கும்.

இந்த வேலையில் ஒருவன் கீழே மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டும், மாடியில் இருப்பவன் சத்தம் கொடுத்துப் பதில் வந்த பிறகுதான் வயரைத் தொட வேண்டும். கீழே நிற்பவன் ஒன்றுக்குப் போவதாக இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கரண்ட் இருந்தால் விளக்கு எரிந்து காட்டும் டெஸ்டர் என் பையில்தான் இருந்தது. மாப்பிள்ளை கீழே நிற்கும்போது அது எதற்கு என்று எடுக்கவில்லை, என் புத்தி அப்படி.

"மாப்ள, லைன் போச்சா?" என்று கத்தினேன்.

"தொடாதீங்க மச்சான், லைன் இருக்கு."

அருள் குரல்தான், சத்தியமாகச் சொல்கிறேன். சந்தேகப்பட்டு டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. கொஞ்ச நேரத்தில், "இப்ப போச்சு, தொடுங்க" என்றது. மறுபடி வைத்தேன், எரியவில்லை. ஒரு மணி நேரம் வேலை செய்தேன், கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது.

கீழே இறங்கினால் அருள் இல்லை. வெளியே ரோட்டோரம், வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எப்ப வந்த?"

"நீங்க மேல ஏறுனதுமே வந்துட்டேன் மச்சான். மாடியில யாரோ நடந்தாங்க."

"நான்தான நடந்தேன்."

"நீங்க ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டுச்சு."

"அப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?"

அவன் எனக்கு வண்டிக் கதவைத் திறந்துவிட்டான்.

"மெயினை யாரு ஆஃப் பண்ணுனது?"

"நான் கை வைக்கவே இல்ல மச்சான்."

அந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது. மேலே என்னவோ இருக்கிறது என்று தெரிந்தே என்னை ஏறவிட்டிருக்கிறான், லைனை எடுக்காமலேயே ஓடியிருக்கிறான். நான் செத்திருந்தால் என் தங்கைக்கு என்ன சொல்லியிருப்பான்? அன்று சாயங்காலமே அவனை வேறு ரூமுக்கு அனுப்பினேன். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட ஆளை அதற்குப் பிறகு ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நாளில் அவன் ஊருக்கே போய்விட்டான்.

போன மாதம் போன் செய்து, "என்னை மன்னிச்சிருங்க மச்சான்" என்று அழுதான். நம்பர் அவனுடையதுதான், பக்கத்தில் என் தங்கை பேசுவதும் கேட்டது. ஆனாலும், யாரோ அருள் மாதிரி பேசிப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.